ஏழரை வோல்ட் பெஹாலா

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்த புறநகர் இது. கொல்கத்தாவின் இந்தத் தென்மேற்கு மூலையில் ஒரு குட்டி விளையாட்டுத் திரையை பேட்டரிக்கு மாற்றும் கைவேலைக்குத் தனி அர்த்தம் உண்டு.

திரையின் அளவு 5 அங்குலம். சோனி நிறுவனம் 2000-ம் ஆண்டு ஜூலையில் ஜப்பானில் அறிமுகம் செய்த பிஎஸ்ஒன் என்ற விளையாட்டுப் பெட்டிக்கென்று பிறகு வந்த துணைக்கருவி அது. பெட்டியின் முதுகில் திருகிவிட்டு மடக்கினால் டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். டி.வி. தேவையில்லை. பையில் போட்டு எங்கு வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். ஒரே ஒரு குறை: உள்ளே பேட்டரி கிடையாது. எடுத்துப்போன இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால்தான் விளையாட்டு.

அடாப்டரின் மேல் எழுதியிருப்பது 7.5 வோல்ட். ஏழரை என்றதும் தமிழர்களுக்கு சனி ஞாபகம் வரும். இந்தத் திரையைக் கையில் வாங்கியவர்களுக்கும் அது ஏழரையாகத்தான் இருந்தது. காகிதத்தில் கணக்கு சுலபம். டார்ச் செல் ஒன்று 1.5 வோல்ட், ஐந்தை வரிசையாக வைத்தால் சரியாக 7.5. ஆனால் அந்த ஏழரை, செல் புதிதாக இருக்கும்போது மட்டும்தான். பெட்டியும் திரையும் சேர்ந்து 12 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 1.6 ஆம்பியர் ஓட வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கென்று செய்த சின்ன செல், இந்தப் பாரத்தில் சற்று நேரத்திலேயே மூச்சிரைத்துவிடும்.

இதற்கு வழி கண்டுபிடிப்பது உலகமெங்கும் பொழுதுபோக்காளர்களின் விளையாட்டு. பெஹாலாவில் நின்று பார்க்கும்போது அது ஓர் ஊரின் சரித்திரம் மாதிரித் தெரிகிறது.

பாலத்தைத் தாண்டினால்

கொல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால், ரயில் தடத்தின் மேல் எழும் மாஜேர்ஹாட் பாலம் வரும். அதைத் தாண்டித் தாரதலாவையும் கடந்தால் பெஹாலா. பழைய பாலம் 2018 செப்டம்பர் 4 அன்று இடிந்து விழுந்தது. புதிய பாலம் 2020 டிசம்பரில் திறக்கப்படும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெஹாலாவாசிகள் சுற்றுவழியில் நகரத்துக்குப் போய் வந்தார்கள். ஒரு பாலம் போனால் ஊரே துண்டாகிவிடும் என்பது அப்போதுதான் மற்ற கொல்கத்தாவாசிகளுக்கு உறைத்தது.

இந்த ஊர் அதன் பெரிய அண்டை நகரத்துக்கு மூத்தது. பெஹாலாவின் பரிஷா பகுதியில் சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தின் பழைய மண்டபம் இருக்கிறது. சுதானுதி, கோபிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமை 1698-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது இந்தக் குடும்பத்திடமிருந்துதான். விலை 1,300 ரூபாய். அந்த மூன்று கிராமங்கள்தான் பிறகு கல்கத்தா ஆயின. நகரத்தை உண்டாக்கியவர் ஜாப் சார்நாக் என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்ததை எதிர்த்து இந்தக் குடும்பத்தினர் நீதிமன்றம் போனார்கள். அவரை அப்படிச் சொல்வதற்கில்லை என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியது. குடும்பத்தின் துர்கா பூஜை 1610-லிருந்து நடந்துவருவதாக மரபு.

நகரத்துக்கு நிலம் தந்த குடும்பத்தின் ஊர், நகரத்துக்குள் வர வெகுகாலம் காத்திருந்தது. பெஹாலா அடங்கிய தெற்குப் புறநகர் நகராட்சி, கல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது 1984-ல்தான். இன்று பெஹாலா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது சௌரவ் கங்குலியின் வீடு. ஆனால் பிரதான சாலையை விட்டு உள்ளே நடந்தால் தெரிவது வேறு: இரண்டு ஆள் அகலச் சந்துகள், மீன் சந்தைகள், ஹோமியோபதி மருந்துக் கடைகள், கேரம் பலகை போட்ட மன்றங்கள், கதவு முழுக்கத் திறக்க இடமில்லாத டி.வி. ரிப்பேர் கடைகள்.

இருட்டு கற்றுத்தந்த பாடம்

மின்சார விஷயத்தில் கல்கத்தாவின் ஜாதகம் ஆரம்பத்தில் அமோகமாக இருந்தது. 1879-லேயே இங்கே மின்விளக்கு எரித்துக் காட்டினார்கள். இன்று சி.இ.எஸ்.சி. என்று அழைக்கப்படும் மின்சாரக் கம்பெனி 1897-ல் லண்டனில் பதிவானது. 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்து மின்நிலையத்திலிருந்து மின்சாரம் தர ஆரம்பித்தது. 1902-ல் நகரத்தின் முதல் மின்சார டிராம் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூர் வரை ஓடியது. (இந்த ஒரு விஷயத்தில் சென்னை முந்திக்கொண்டது. அங்கே மின்சார டிராம் 1895-லேயே வந்துவிட்டது. 1953-ல் போயும் விட்டது.)

இத்தனை முன்னதாக வெளிச்சம் பார்த்த நகரம், 1970-களிலும் 80-களிலும் இருட்டுக்குப் பேர்போனதாக மாறியது. தேவை கூடியது, மின்நிலையங்கள் கூடவில்லை. 'லோட்ஷெடிங்' என்ற மின்வாரியச் சொல் வங்காள மொழியின் வீட்டுச் சொல்லானது. விளக்கு அணைந்தால் 'ஜோதி பாபு போய்விட்டார்' என்பது அந்தக் காலத்து வேடிக்கை. ஜோதி என்றால் வெளிச்சம், முதல்வரின் பெயரோ ஜோதி பாசு. 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்த கோவை, மதுரைக்காரர்களுக்கு இந்த நகைச்சுவையின் கசப்பு புரியும்.

இருட்டு மனிதர்களைப் புலம்ப வைத்தது. அதோடு கெட்டிக்காரர்களாகவும் ஆக்கியது. கல்கத்தா தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில் ஆரம்பமான பிறகு வந்த 14 அங்குல கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டி.வி.க்கள் பலவற்றின் முதுகில் 12 வோல்ட் சாக்கெட் ஒன்று இருந்தது. கார் பேட்டரி ஒன்றை அதில் இணைத்தால் கரண்ட் போனாலும் படம் நிற்காது. 1986-ல் மெக்சிகோ உலகக் கோப்பையில் மரடோனா ஆடியபோது, வங்காளம் அர்ஜென்டினாமேல் பைத்தியமானது. பாதி ஆட்டத்தில் விளக்கு அணையும் ஊரில், பேட்டரி வைத்திருந்தவர் வீட்டுக் கூடம் தெருவுக்கே பொதுச் சொத்து.

பிறகு விளையாட்டுப் பெட்டிகள் வந்தன. ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபாமிகாம் பெட்டியின் நகல்கள் 90-களில் இந்திய வீடுகளில் நுழைந்தன. 'லட்சம் விளையாட்டு ஒரே காட்ரிட்ஜில்' என்று அட்டையில் பொய் எழுதிய அவற்றை மறந்தவர்கள் குறைவு. 'கான்ட்ரா' போன்ற விளையாட்டில் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரும் வசதி கிடையாது. கடைசிக் கட்டத்தில் கரண்ட் போனால் போனதுதான், மறுபடி முதலிலிருந்து. லோட்ஷெடிங் பையன்களுக்குச் செய்த மிகப்பெரிய துரோகம் அது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்தது. அடாப்டர் 9 வோல்ட்டோ 10 வோல்ட்டோ தரும். உள்ளே 7805 என்ற மூன்று கால் பூச்சி அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும். பெட்டிக்கு உண்மையில் வேண்டியது அந்த ஐந்துதான். அப்படியென்றால் டி.வி.யை ஓட்டும் அதே 12 வோல்ட் பேட்டரியில் இதையும் ஓட்டலாமே? ஓட்டலாம், பூச்சி சூடு தாங்கினால். 12-லிருந்து 5 போக மிச்சம் 7 வோல்ட்டும் அங்கே சூடாகத்தான் வெளியேறும். ஒரு அலுமினியத் தகட்டைத் திருகினால் சமாளிக்கும். பல பையன்களுக்கு இதுதான் மின்னணுவியலின் முதல் பாடம்.

கப்பல் வழி வந்த சரக்கு

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வரும்? பெஹாலாவிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் வலை விரித்துக் காத்திருக்கிறது கிதிர்பூர். 1892-ல் திறந்த துறைமுகத்தின் வாசல் அது. கப்பல்காரர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுச் சரக்கால் வளர்ந்தது அங்குள்ள ஃபேன்சி மார்க்கெட். வாட்ச், சென்ட், டேப் ரெக்கார்டர், வீடியோ கேம் என்று 1991-க்கு முந்தைய இந்தியாவில் கிடைக்காதவை எல்லாம் அங்கே கிடைத்தன. சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் என்று சொன்னால் போதும். ரசீது கேட்கக் கூடாது. நாளை வந்து திருப்பிக் கேட்கவும் கூடாது.

ஓடாத சரக்கை ஓடவைக்க வேண்டுமென்றால் இன்னும் வடக்கே, சாந்தினி சௌக். இது கொல்கத்தாவின் ரிச்சி தெரு. மெட்ரோ நிலையத்தை விட்டு மேலே ஏறினால் நடைபாதையிலேயே மார்க்கெட் ஆரம்பமாகிவிடுகிறது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், மல்டிமீட்டர், பழைய லேப்டாப்பின் உடம்பிலிருந்து பிரித்தெடுத்த திரை, எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியாத ரிமோட் என எல்லாம் குவியலாகக் கிடக்கும். பாகத்தின் எண்ணைச் சொன்னால் கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார். எண் தெரியாதவர் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

ஏழரையை விரட்டும் வழி

சரி, 5 அங்குலத் திரைக்கு வருவோம். அதை பேட்டரிக்கு மாற்ற மூன்று வழிகள்.

முதல் வழி இன்வெர்ட்டர் காலத்துப் பழக்கம்: யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர். 12 வாட் திரைக்கு ஏழு மணி நேரம் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் நாலு மணி நேரம் கிடைத்தால் சந்தோஷப்படலாம். எடை இரண்டு கிலோவுக்கு மேல். பையில் செங்கல்லைச் சுமப்பதுபோல. 12-ஐ ஏழரையாக்க பழைய பூச்சி முறையில் போனால், 4.5 வோல்ட்டை 1.6 ஆம்பியரில் எரிக்க வேண்டும். அதாவது 7 வாட் வெறும் சூடு. திரைக்குப் போகும் 12 வாட்டுக்குக் கூலியாக 7 வாட்.

இரண்டாவது, லித்தியம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே விரல் பருமனில் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் 18650 என்று பெயர். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். இரண்டை வரிசையாக வைத்தால் 7.4. ஏழரைக்கு வெகு பக்கம். ஆனால் இந்த 3.7 ஒரு சராசரி. முழுக்க ஏறிய செல் 4.2 காட்டும், காலியாகும்போது 3 வரை இறங்கும். ஜோடிக்கு 8.4-லிருந்து 6 வரை. ஆரம்பத்தில் திரைக்கு அஜீரணம், முடிவில் பட்டினி.

மூன்றாவதுதான் விவரமான வழி. மூன்று செல்களை வரிசையாக வைப்பது, 12.6-லிருந்து 9 வரை எது வந்தாலும் ஏழரையாக மாற்றித்தரும் 'பக் கன்வெர்ட்டர்' என்ற சின்ன போர்டை நடுவில் வைப்பது. இது மிச்ச வோல்ட்டேஜை எரித்துத் தள்ளுவதில்லை. மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிச் சேர்ப்பதால் நஷ்டம் பத்துப் பதினைந்து சதவீதத்தோடு நின்றுவிடும். போர்டின் மேலுள்ள சின்னத் திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் சரியாக 7.5 காட்டிய பிறகே திரையை இணைக்க வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் இணைத்துவிட்டுப் பிறகு அளப்பார்கள். அளக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2,200 மில்லி ஆம்பியர்-அவர் செல் மூன்று இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆடலாம்.

இன்னும் நீட்டவேண்டும் என்பவர்கள் திரையையே திறக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் தருவது பென்சில் முனையைவிட மெல்லிய ஒரு குழல் விளக்கு. அது பற்றிக்கொள்ள நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அதைத் தயாரிக்க உள்ளேயே ஒரு சின்ன மாற்றி இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு எல்.ஈ.டி. பட்டை ஒட்டினால் மின்செலவு குறையும். பட்டை நேராக ஒட்டாவிட்டால் திரையில் ஒரு ஓரம் பௌர்ணமி, மறு ஓரம் அமாவாசை.

ஜப்பான்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1989-ல் வந்த நின்டெண்டோவின் கேம்பாய், கறுப்பு வெள்ளைத் திரை, பின்விளக்கே கிடையாது. நான்கு பென்சில் செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணமும் விளக்கும் உண்டு; ஆறு செல்லை நாலைந்து மணி நேரத்தில் தின்றுவிடும். ஜெயித்தது கேம்பாய். அதை வடிவமைத்த குன்பெய் யோகோயின் கொள்கை எளிமையானது: பழகி, மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிதாக யோசிப்பது. சாந்தினி சௌக்கில் யாரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் பார்ப்பது அந்த வேலையைத்தான்.

பேட்டரிகளின் தலைநகரம்

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. இந்தியாவின் பேட்டரி வியாபாரத்துக்குக் கொல்கத்தாதான் தாய்வீடு. எவரெடி செல்கள் 1905-லிருந்து இங்கே விற்பனைக்கு வந்தன; 1939-ல் இங்கேயே ஆலை ஆரம்பமானது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை வந்த அந்தச் சிவப்பு செல்லின் தலைமையகம் இந்த நகரம். நகரத்துக்கு வடக்கே ஷ்யாம்நகரில் 1946-ல் எழுந்த ஆலையிலிருந்து வளர்ந்தது எக்ஸைட். அதன் தலைமையகமும் சௌரங்கியில்தான். கரண்ட் போவதற்குப் பேர்போன ஊர், நாடு முழுக்க பேட்டரி விற்றது. வேடிக்கைதான்.

லோட்ஷெடிங் காலம் முடிந்துவிட்டது. 1997-லிருந்து பட்ஜ் பட்ஜ் மின்நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு கரண்ட் போவது செய்தியாகும் அளவுக்கு நிலைமை மாறியது. புதிய தலைமுறைக்கு மெழுகுவர்த்தி பிறந்தநாள் கேக்கில் வைக்கும் பொருள்.

அந்த நிம்மதியை 2020 மே 20 அன்று அம்பான் புயல் கலைத்தது. மரங்கள் விழுந்தன, கம்பிகள் அறுந்தன. பெஹாலா உள்பட தென் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஊரடங்கு வேறு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, செல்போன் அடங்கியது. பொறுமை இழந்த மக்கள் சாலை மறியல் செய்தார்கள். மரங்களை அகற்ற ராணுவம் வந்தது. 2016-ல் வர்தா புயலைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்த நாட்களில் வீட்டிலிருந்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்து செல்போனை உயிர்ப்பிக்கத் தெரிந்தவர் யார் என்பது விளையாட்டுச் சமாசாரமாக இருக்கவில்லை. கான்ட்ராவுக்காகக் கற்ற பாடம் ஆம்புலன்ஸைக் கூப்பிட உதவும்.

கவலை இங்கேதான். இன்று கையிலிருக்கும் எல்லாக் கருவிக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. ஆனால் திறக்க முடியாது. பசை போட்டு ஒட்டி, சிறப்புத் திருகாணி போட்டு மூடிவிடுகிறார்கள். பேட்டரி செத்தால் கருவியே செத்ததாகக் கணக்கு. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. அதே ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன. நல்ல காரியங்கள். ஆனால் உரிமை காகிதத்தில் வரும்போது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் மிச்சமிருக்க வேண்டும். இரண்டு ஆள் அகலச் சந்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்காரருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார யார் இருக்கிறார்கள்?

அதற்காக லித்தியத்தோடு விளையாடச் சொல்லவில்லை. லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லில் எது நல்லது, எது செத்தது என்று வெளியே பார்த்தால் தெரியாது. பாதுகாப்பு போர்டு இல்லாமல் இணைத்தாலோ, ஈய-அமில பேட்டரிக்கான சார்ஜரில் போட்டாலோ, தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்கக்கூடிய தீ அல்ல அது. பழைய செங்கல் பேட்டரி மன்னிக்கும், லித்தியம் மன்னிக்காது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கவேண்டிய வேலை இது. அதற்காகவே அந்தச் சந்துக் கடைகள் வேண்டும்.

எப்படிப் போவது?

பெஹாலாவுக்கு டிராம் இருந்தது. 1986-ல் அது ஜோகா வரை நீண்டது. 2011-ல் மெட்ரோ பணிக்காக அந்தத் தடம் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தூணையும் தூசியையும் பார்த்துப் பழகிய மக்களுக்கு 2022 டிசம்பர் 30 அன்று ஜோகா-தாரதலா மெட்ரோ திறந்தது. தூரம் ஆறரை கிலோமீட்டர். 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை வந்தது. அங்கே புறநகர் ரயிலிலிருந்து மாறிக்கொள்ளலாம். பெஹாலா பஜாரிலோ சௌரஸ்தாவிலோ இறங்கினால் பழைய சந்துகள் நடக்கும் தூரம். துர்கா பூஜை சமயத்தில் போனால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். 2020-ல் புலம்பெயர்ந்த தொழிலாளித் தாயாகத் துர்கையை வடித்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது இங்குள்ள பரிஷா மன்றம்தான். இட்லி சாப்பிடாமல் இருக்க முடியாதவர்கள் திரும்பும் வழியில் லேக் மார்க்கெட்டில் இறங்கினால் தமிழ்க் குரலும் கேட்கும்.

தலைக்கு மேல் உயரத் தடத்தில் போகும் அந்த மெட்ரோவும், கீழே கடையில் சால்டரிங் புகைக்கு நடுவே விழிக்கும் குட்டித் திரையும் ஒரே ஜாதி மின்சாரத்தில்தான் ஓடுகின்றன: பேட்டரியிலிருந்து வருவதுபோன்ற நேர்மின்சாரம். தண்டவாளத்தின் ஓரம் ஓடும் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட். நூறால் வகுத்துப் பாருங்கள். ஏழரை!